உனக்கு வெளிச்சம் வேணாமா?

"ஏம்மா... குடிக்கக் கொஞ்சம் தண்ணி கெடைக்குமா?"

மோகனப்பிரியா கதவைப் பாதி திறந்தாள். வெளியே மழை. மழைக்கு நடுவே கரண்ட் ஆபீஸ்காரர்களின் மஞ்சள் ரெயின்கோட் ஒன்று. அதன் தொப்பிக்குள்ளே இரண்டு கண்கள்... தூங்காமல் சிவந்த, ஆனாலும் குறும்பு போகாத கண்கள்.

இவ்வளவு மழையில் நனைந்து நிற்பவன் தண்ணீர் கேட்கிறானே என்று அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கிற நேரமா அது? புயல் கரை கடந்து போன பிறகும் பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களுக்குக் கரண்ட் வரவில்லை. உள்ளே கட்டிலில் நைனா படுத்திருந்தார். அவர் மூக்கில் மாட்டிய குழாயின் மறுமுனையில் ஆக்சிஜன் சிலிண்டர். அதன் முள் சிவப்புக் கோட்டுக்கு இறங்கியிருந்தது.

ஆனாலும் சிரிப்பு வந்தது. சொம்பை நீட்டினாள்.

"இம்மாந் தண்ணில நின்னுகினு தண்ணி கேக்குறீங்களே..."

"இந்தத் தண்ணி சட்டைக்குள்ள போவுது. தொண்டைக்குள்ள போவ மாட்டேங்குது. இன்னா பண்றது?"

"கரண்ட் எப்ப வரும்?"

"குப்பத்துல எல்லாரும் இத்தையேதான் கேக்குறாங்க. ஒருத்தராச்சும் சாப்டியான்னு கேட்டீங்களா?"

"சரி... சாப்டீங்களா?"

"இல்ல."

"கரண்ட்டக் குடுத்துட்டு வாங்க. கொழம்ப சுட வெக்கிறேன்."

அவன் சிரித்தான். மழைத்துளி ஒன்று அவன் இமையில் தொங்கி, கன்னத்தில் இறங்கி ஓடியது. அதை ஏன் பார்த்தோம் என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"தினா! வாடா, ஏறு!" என்று தெருவிலிருந்து அவனுடைய கூட்டாளி ரஞ்சித் குரல் கொடுத்தான். அவன் சொம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மின்கம்பத்தை நோக்கி ஓடினான்.

தினா... தினகரனாகத்தான் இருக்கும். அவள் ஜன்னல் வழியே பார்த்தாள். பாதிக் கம்பத்தில் அவன் ஒரு தடவை திரும்பினான். என்னையா பார்க்கிறான்? சேச்சே, கம்பியைப் பார்க்கிறான். இல்லையே... என்னைத்தான்...

"ம்மா... மூச்சு..."

நைனாவின் குரல் அவளை இழுத்துக்கொண்டது.

நைனா சிங்காரம் ஏரியிலும் கடலிலும் தொழில் செய்தவர். இடையில் காசநோய் வந்தது. மருந்தில் நோய் போய்விட்டது. போகும்போது பாதி நுரையீரலையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. அம்மா இல்லாத வீட்டில் அவருக்கு அவள், அவளுக்கு அவர். கட்டிலுக்குப் பக்கத்தில், காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் மெஷின் ஒன்று இருந்தது. கரண்ட் இருந்தால் அது உயிர். இல்லாவிட்டால் வெறும் பெட்டி.

சிலிண்டர் முள் முழுதாக விழுந்துவிட்டது. நைனாவின் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது.

போட் ஓனர் வேதாசலம் இரக்கப்பட்டுக் காலையிலேயே ஒரு சின்ன ஜெனரேட்டரைக் கொண்டுவந்து பின்வாசலில் வைத்திருந்தார். கூடவே இரண்டு முனையிலும் ப்ளக் மாட்டிய ஒரு ஒயர். "ஒரு பக்கத்த ஜெனரேட்டர்ல சொருகும்மா. இன்னொரு பக்கத்த செவுத்து ப்ளக்ல சொருகு. வூடு பூரா எரியும்," என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். மெயின் சுவிட்சை இறக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. அவருக்கே தெரியாது.

சொருகினாள். கயிற்றை இழுத்தாள். ஜெனரேட்டர் இருமி, உறுமி, ஓடத் தொடங்கியது. வீட்டில் விளக்கு எரிந்தது. மெஷின் மூச்சுவிட்டது. நைனாவும் மூச்சுவிட்டார். 'அப்பாடா' என்று அவள் கண்ணை மூடினாள்...

தெருவில் ஒரு அலறல்.

"தினா! டேய் தினா! எவன் வூட்லடா ஜெனரேட்டர் ஓடுது? நிறுத்துங்கடா... கம்பில ஒட்டிக்கினான்டா!"

அவளுக்கு ஒரே நொடியில் புரிந்துவிட்டது. சுவர் ப்ளக்கில் ஏற்றிய கரண்ட் வீட்டோடு நிற்கவில்லை. மீட்டரைத் தாண்டி, வாசலைத் தாண்டி, கம்பத்துக்குத் திரும்பிப் போயிருக்கிறது.

நைனாவின் முகத்தைப் பார்த்தாள். ஜெனரேட்டரை நிறுத்தினாள்.

மெஷின் நின்றது. வெளியே, சேற்றில், கனமாக ஏதோ விழுந்தது.

பொன்னேரியிலிருந்து வெள்ளத்தில் நீந்தாத குறையாக வந்தது ஒரே ஒரு ஆம்புலன்ஸ். ஒரு பக்கம் ஸ்ட்ரெச்சரில் அவன். எதிர்ப்பக்க சீட்டில் நைனா. நடுவில் தரையில் அவள். அவனுடைய வலது கையைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். துணிக்கு வெளியே வந்த வாடையை அவள் ஆயுசுக்கும் மறக்கப்போவதில்லை.

ஆக்சிஜன் மாஸ்க்கை அவன் முகத்தில்தான் வைத்திருந்தார்கள். அவன் இடது கையால் அதை விலக்கினான். எதிரே விலா எலும்பு ஏறி இறங்கத் திணறிக்கொண்டிருந்த கிழவரைக் கண்ணால் காட்டினான்.

"பெரியவருக்கு... மொதல்ல..."

அவள் அவன் காதருகே குனிந்தாள். "நான்தாங்க... நான்தான் சொருகினேன்... எனக்குத் தெரியாது..."

அவன் கண்கள் திறந்திருந்தன. கேட்டதா, இல்லையா... தெரியவில்லை.

*

நைனா பிழைத்துக்கொண்டார். தினகரனுக்கு முழங்கைக்குக் கீழே வலது கை போய்விட்டது.

சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றியிருக்கிறார்கள் என்று தெரிந்து மோகனப்பிரியா போனாள். வார்டு வாசலிலேயே ஒருத்தி மறித்தாள். அவனுடைய அக்கா வளர்மதி. திருப்பாலைவனத்தில் நாற்று நட்டு, களை பறித்து, தாய் தகப்பன் இல்லாத தம்பியை ஆளாக்கியவள்.

"யாரு நீ?"

"பழவேற்காடுக்கா... அந்த வூட்டுப் பொண்ணு."

வளர்மதி கையிலிருந்த டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"உங்க நைனா உசுரோட கீறாரா?"

"கீறாருக்கா."

"நல்லது. எந்தம்பிக்கு கையில்ல. போய்டு. இன்னொரு தபா இந்த வாசல்ல உன்னப் பாத்தேன்... நான் இன்னா செய்வேன்னு எனக்கே தெரியாது."

மோகனப்பிரியா ஊருக்குத் திரும்பிவிட்டாள். போலீஸ் ஸ்டேஷனில் நடந்ததை நடந்தபடி சொன்னாள். எந்தத் தண்டனை கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று காத்திருந்தாள். அவனோ, தெரியாமல் நடந்தது, அந்தப் பெண் மேல் புகார் இல்லை என்று சொல்லிவிட்டானாம். அதைக் கேட்ட அன்றைக்குத்தான் அவள் வாய்விட்டு அழுதாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாளே...

*

வெயில் காலம் வந்தது. கூடவே கரண்ட் கட்டும் வந்தது.

ஜெனரேட்டர் சத்தம் தூரத்தில் கேட்டாலே அவள் காதைப் பொத்திக்கொண்டாள். சிலிண்டரைப் பொன்னேரிக்கு பஸ்ஸில் தூக்கிப் போய் நிரப்பிக்கொண்டு வந்தாள். இறால் எடை போடும் ஷெட்டில் அவளுக்கு வேலை. தராசுக்கு முன்னால் நிற்கும்போதும் காது வீட்டிலேயே இருக்கும். ஷெட்டில் மின்விசிறி நின்றால் உடனே வீட்டுக்கு ஓடுவாள்.

"இன்வெர்ட்டரும் சோலாரும் போட்டுடும்மா. பஜார்ல ஷுக்கூர் பாய் கடைல கேளு," என்றார்கள் ஷெட்டில்.

போனாள். அப்துல் ஷுக்கூர் பாய் தொழுகைக்குப் போயிருந்தார். மேஜையில் ஒருவன் தலைகுனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தான். இடது கையால், மெதுவாக. வலது பக்கச் சட்டைக் கை மடித்துக் குத்தியிருந்தது.

"வாங்க... இன்னா பாக்குறீங்க?" நிமிர்ந்தான்.

அதே கண்கள். குறும்பு மட்டும் இல்லை. கம்பம் ஏறியவனுக்கு இப்போது கடை மேஜைதான் வேலை.

ஓடிவிடலாமா?

"உக்காருங்க," என்றான் தினகரன். குரலில் கோபம் இல்லை. எதுவுமே இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

"நான்... வேற கடைல பாத்துக்கிறேங்க..."

"வேற கடைல வெல கம்மின்னு ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரத் தலைல கட்டுவான். உங்க நைனா மெஷினுக்கு அது ஆவாது. மோட்டார் சூடாயி பூடும். சைன் வேவ்தான் வேணும். உக்காருங்க."

உட்கார்ந்தாள். நாற்காலி நுனியில்.

"மெஷின் ராவும் பகலும் ஓடுதா?"

"ஓடுது."

"அப்ப ஃபேனு, டிவியெல்லாம் உடுங்க. மொதல்ல மெஷினப் பாப்போம். மெஷினுக்குன்னு ஒரு தனி லைன். பகல்ல வெயில்லயே ஓடும். பேட்டரி ராத்திரிக்கு." அவன் பேப்பரில் கோடு இழுத்தான். கோடு வளைந்தது. "லித்தியம் பேட்டரி நல்லதுதான். ஆனா உங்களுக்கு தண்ணி ஊத்துற ட்யூப்லர் பேட்டரியே போதும். ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சிக்கோங்க. சார்ஜ் ஏறும்போது அதுல கேஸ் வரும். ஆக்சிஜன் ஓடுற ரூம்ல அத்த வெக்கவே கூடாது. வெளிய, காத்தோட்டமா வெக்கணும்."

"வெளிய வெச்சா... உப்புக் காத்துல துருப் புடிச்சிடாதா?"

அவன் முதல் முறையாக அவளை ஒரு மனுஷியைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

"புடிக்கும். டெர்மினல்ல கிரீஸ் தடவிக்கினே இருக்கணும். தண்ணி குறையுதான்னு பாத்துக்கினே இருக்கணும். செய்வீங்களா?"

"செய்வேன்."

அவன் மறுபடி எழுத ஆரம்பித்தான். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதுவதுபோல ஒவ்வொரு எழுத்தாக... அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். கண்ணீர் சொட்டுப் பேப்பரில் விழுந்தது.

"அழாதீங்க. மை கலைஞ்சா நான் மொதல்லேர்ந்து எழுதணும்," என்றான்.

கேலியா, கோபமா... அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

*

வீட்டைப் பார்க்க அவனே வந்தான். சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த காங்கிரீட் வீடு. மாடியில் பேனல் வைக்க இடம் இருக்கிறதா, தென்னை நிழல் விழுகிறதா என்று பார்க்க வேண்டும்.

தெருவுக்குள் நுழைந்தவன் நின்றுவிட்டான். அந்தக் கம்பம். அவன் நெற்றியில் வியர்வை பொடித்தது.

வாசலில் நின்ற மோகனப்பிரியா ஓடிவந்தாள். அவனுக்கும் கம்பத்துக்கும் நடுவில் வந்து, அவன் பார்வையை மறைத்துக்கொண்டு நின்றாள். அவன் அவள் முகத்தையே பார்த்தபடி நடந்தான். அவள் பின்பக்கமாகவே அடி வைத்து நடந்தாள். அப்படியே வாசல் வரை வந்து சேர்ந்தார்கள்.

நைனா எழுந்து உட்காரப் பார்த்தார். முடியவில்லை.

"தம்பி... நான் அன்னைக்கே பூட்டிருந்தா... உன் கை இருந்திருக்கும்பா."

மோகனப்பிரியா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

தினகரன் கட்டிலருகே உட்கார்ந்தான். "இல்ல பெரியவரே. கை போனது ஒயரால. உங்களால இல்ல. நானும், திரும்பி வர்ற கரண்ட் மண்ணுக்குப் போவ, கம்பிக்கு எர்த் மாட்டிட்டு ஏறியிருக்கணும். குப்பமே இருட்டுல கெடக்குதேன்னு அவசரப்பட்டேன். ரெண்டு தப்பு ஒண்ணா சேந்துடுச்சி. அவ்ளோதான்."

கிழவர் அவனுடைய இடது கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

*

வேலை ஆரம்பமானது. மாடியில் பேனலைப் பூட்ட ரஞ்சித் லீவு போட்டுவிட்டு வந்தான். கீழே இன்வெர்ட்டரை இணைக்க இன்னொரு கை வேண்டும். ஸ்பேனரை மோகனப்பிரியாவே எடுத்துக்கொண்டாள்.

"அந்த நட்ட முறுக்கு. அப்டி இல்ல... வலது பக்கமா!"

"எந்த வலது? என் வலதா, உங்க வலதா?"

கேட்ட பிறகுதான் உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஐயோ... இன்னா வார்த்த கேட்டுட்டேன்...

"எனக்கு ஏது வலது?" என்றான் அவன்.

அவள் முகம் வெளுத்ததைப் பார்த்துவிட்டு, திடீரென்று சிரித்தான். அடக்க முடியாமல், தோள் குலுங்க. அவளுக்கும் சிரிப்பு பீறிட்டது. அழுகையும் கூடவே வந்தது. கட்டிலில் நைனா எதற்கென்று தெரியாமலே சிரித்தார். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு எவ்வளவோ காலமாகியிருந்தது.

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் அவன் வரும் நேரத்துக்கு அவள் காது தெருவில் இருந்தது. தலைக்கு எண்ணெய் வைத்தாள். மத்தியானத்துக்கு அவனுக்கும் சேர்த்துக் குழம்பு வைத்தாள். 'வேலைக்கு வர்ற ஆளுக்காக எதுக்குடி?' என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். அவனும் ஒரு நாளில் முடியும் வேலையை இரண்டு நாளாக்கினான். "இந்தக் கிளாம்பு வேணாம், துருப்புடிக்கும். எவர்சில்வர்தான் வேணும்," என்று பொன்னேரிக்குப் போய் வந்தான்.

எல்லாம் முடிந்ததும் தெருவுக்கே கரண்ட் கட் ஆகட்டும் என்று காத்திருந்தார்கள். மத்தியானம் கட் ஆனது. மெஷின் நிற்கவில்லை, துளிகூடத் தடுமாறவில்லை. ரஞ்சித் ஏணி போட்டு ஏறி, வீட்டுக்கு வரும் ஒயரில் டெஸ்டரை வைத்துப் பார்த்தான்.

"ஒண்ணுமில்லடா! போஸ்ட்டுக்கு ஒரு பொட்டுக்கூடத் திரும்பிப் போவல!"

தினகரன் திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டான். அவன் முதுகு விம்மியது. அவளுக்குத் தாங்கவில்லை. அருகில் போனாள்.

"இனிமே எங்க வேலைக்குப் போனாலும் என்னையும் கூட்டினு போங்க. நான்... நான் உங்களுக்குக் கையா இருக்கேன்."

அவன் முதுகு நிமிர்ந்தது. மெதுவாகத் திரும்பினான்.

"இன்னாது?"

"தப்பா எதுவும்..."

"கையா இருக்கியா? எத்தினி நாளிக்கு? எரிஞ்சது ஆறுற வரைக்குமா? ஊர்ல எல்லாரும் என்னப் பாத்து உச்சு கொட்டுறாங்க. நீயும் அந்த வரிசைல வந்து நிக்கிறியா? நீ கொழம்பு வெச்சதும், சிரிச்சதும், எல்லாம் பாவம் பாத்துத்தானா? எனக்கு உன் பாவமும் வேணாம், பரிகாரமும் வேணாம். வேலை முடிஞ்சிடுச்சி. இனிமே ரிப்பேர்னா பாயி வேற ஆள அனுப்புவாரு."

பையை எடுத்தான். போய்விட்டான். கம்பத்தைக் கடக்கும்போதுகூட அவன் நிற்கவில்லை.

இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை அவளுக்கு. பாவமா? பாவம் இல்லையா? அவளுக்கே தெரியவில்லையே...

*

நைனா ஒரு மத்தியானம் போனார்.

வெயில் அடித்துக்கொண்டிருந்தது. கரண்ட் இருந்தது. பேட்டரி நிறைந்திருந்தது. மெஷின் ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. மூச்சு உள்ளே போக இடம்தான் இல்லை. மகளின் கையைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பார்ப்பதை நிறுத்திக்கொண்டார். அவள் மெஷினை அணைத்தாள். அந்த நிசப்தம் வீட்டுக்குள் இடி மாதிரி இறங்கியது.

காரியம் எல்லாம் முடிந்ததும் ஷுக்கூர் பாய்க்குச் சொல்லி அனுப்பினாள். 'பேனலையும் பேட்டரியையும் கழற்றிக்கொண்டு போங்கள். யாராவது நோயாளி இருக்கும் வீட்டில் மாட்டுங்கள்.'

மறுநாள் மழை தூறியது. கதவு தட்டும் சத்தம் கேட்டது. திறந்தாள்.

வளர்மதி நின்றாள். பின்னால் தினகரன்.

வளர்மதி உள்ளே வந்தாள். சிங்காரத்தின் படத்துக்கு முன்னால் கைகூப்பினாள். பிறகு மோகனப்பிரியாவைப் பார்த்துத் திரும்பினாள்.

"நான் உன்ன மன்னிக்கல. அது நான் வளத்த கை. அத்த எப்பவும் மறக்க மாட்டேன்."

"தெரியும்க்கா."

"ஆனா ஒண்ணு சொல்லணும். இந்த வூட்டுக்கு வேலைக்கு வந்தானே, அப்பல்லாம் ரெண்டு வாய் கூட துன்னான். சண்ட போட்டுட்டு வந்தானாம், அதுலேர்ந்து தட்டத் தள்ளி வெக்கிறான். எனக்கு உன்னப் புடிக்கணும்னு இன்னா கீது? துன்றது அவன்." அவள் குடையை எடுத்துக்கொண்டாள். "தெரு முனைல நிக்கிறேன். ஷேர் ஆட்டோ வந்தா போய்க்கினே இருப்பேன்."

போய்விட்டாள். வீட்டில் இரண்டு பேர் மட்டும். அவனுக்கும் அவளுக்கும் நடுவில் நைனா இல்லாத கட்டில்.

"ஆள் அனுப்புவாங்கன்னு நெனச்சேன்..." என்றாள் அவள்.

"நானே வந்தேன். எல்லாத்தையும் அவுத்துனு போவச் சொன்னியாம்."

"சுண்ணாம்புக்குளத்துல ஒரு அம்மா இதே மாதிரி மெஷின்ல கீறாங்களாம். அவங்களுக்குப் போவட்டும்."

"அவங்களுக்குப் பாய்கிட்டப் பேசிட்டேன். வேற போடுறோம். இது இங்கயே இருக்கட்டும்."

"யாருக்கு? நைனாவே இல்ல. மெஷினையும் குடுத்துட்டேன்."

"நீ கீறியே."

அவள் நிமிர்ந்தாள்.

"உனக்கு வெளிச்சம் வேணாமா?" என்றான் தினகரன்.

யாரும் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை. அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

"எனக்கு எதுக்கு? நான் செஞ்ச காரியத்துக்கு... இருட்டுல கெடக்குறதுதான் சரி."

"அத்த நீ முடிவு பண்ணுவியா? கை போனவன் நானு. நான் சொல்றேன். போதும் மோகனா... இத்தோட போதும்."

மழை வலுத்தது. அவள் அழுது முடிக்கும் வரை அவன் நகராமல் நின்றான். பிறகு அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவனை நேராகப் பார்த்தாள். சொல்லியாக வேண்டும். அன்றைக்கு வராத வார்த்தை இன்றைக்காவது வர வேண்டும்.

"பாவம் பாத்து வர்றேன்னு சொன்னீங்க இல்ல? ஆமா... மொதல்ல அப்டித்தான். காலைல கண்ணத் தொறந்தா உங்க கைதான் ஞாபகம் வரும். சோறு எறங்காது. ஆனா நீங்க கோச்சிக்கினு போனீங்களே... அதுக்கு அப்புறம் நீங்க திட்டினது ஞாபகம் வருது. சிரிச்சது ஞாபகம் வருது. நட்டு சரியா முறுக்கலன்னு மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினீங்களே, அது ஞாபகம் வருது. கையே ஞாபகம் வரல. உங்க கை ஞாபகம் வரலியேன்னு... எனக்கே பயமாப் போச்சி. இவ்ளோ பெரிய பாவத்தப் பண்ணிட்டு, அத்த மறந்துட்டு, ஒரு ஆம்பளைய நெனச்சினு உக்காந்திருக்கியேடின்னு..."

அவன் கட்டிலைச் சுற்றிக்கொண்டு வந்தான்.

"எனக்கு வேற மாதிரி," என்றான் மெதுவாக. "காலைல எழுந்து சட்டைல கைய உடும்போது, உன்ன வெறுக்கணும்னு நெனப்பேன். தெனமும் நெனப்பேன். கடையத் தொறக்கறதுக்குள்ள மறந்துபுடும். கடைக்கு வர்ற ஒவ்வொரு பொம்பளக் கொரலுக்கும் நிமிந்து பாப்பேன்... நீயோன்னு."

தெரு முனையில் ஷேர் ஆட்டோ ஒன்று வந்து நின்று, ஹாரன் அடித்துவிட்டுக் கிளம்பும் சத்தம் கேட்டது. அவன் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தான். மழையில், குடைக்குக் கீழே, வளர்மதி அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். அவள் ஏறவில்லை.

"அக்காவே போவல," என்றான். "நான் மட்டும் எங்க போவப் போறேன்?"

அவள் ஈரக் கண்ணோடு சிரித்துவிட்டாள். அவன் சிரிக்கவில்லை. கம்பம் ஏறும்போதுகூட அவனுக்கு இவ்வளவு படபடப்பு இருந்திருக்காது.

"எனக்கு நீ வேணும் மோகனா. கைக்கு இல்ல... எனக்கு."

"எனக்கும் நீ வேணும்," என்றாள். 'நீங்க' எப்போது 'நீ' ஆனது என்று அவளுக்கே தெரியவில்லை. "மன்னிப்புக்கு இல்ல."